ஏலக்காய் ஸ்டோரில் வைத்த போட்டோ

என் தங்கை கருப்பு. நல்ல கருப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுடைய போட்டோ என்று எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. அதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும், "அடடா, ரோஜாப்பூ மாதிரி பிள்ளை" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஐம்பது வருஷமாக இதைக் கேட்டுக்கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நாங்கள் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். எழுபதுகளின் தொடக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், அப்பா ஊரில் இருந்த வயலைத் தம்பிமாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, இடுக்கி மலையில், வண்டன்மேட்டில் ஒரு சின்ன ஏலக்காய்த் தோட்டத்தைப் பிடித்து மலையேறினார். அம்மாவுக்கு அந்த மலை கடைசிவரைக்கும் ஒட்டவில்லை. "இங்க மழை பேயறதில்ல, குடியிருக்குது" என்பாள். ஆனி பிறந்தால் துணி காயாது, உப்பு நீர்த்துவிடும், தோல் செருப்பில் வெள்ளைப் பூசணம் பூக்கும். தங்கை மட்டும் அந்த மலையிலேயே பிறந்தவள். அவளுக்குச் சளியும் பிடித்ததில்லை, மழை ஒரு பொருட்டாகவும் இருந்ததில்லை.

அப்பா மாநிறம், அம்மா மாநிறம், நான் அம்மாவைக் கொண்டு பிறந்தவள். தங்கை அப்பாவின் அப்பாவைக் கொண்டுவிட்டாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் பெரியம்மா முறையுள்ளவர்கள் அம்மாவைச் சீண்டுவார்கள். "ஏம்மிணி, மலைக்கு ஏலக்கா வாங்கப் போயி மொளகு வாங்கிட்டு வந்துட்டியா?" அம்மா சளைக்கமாட்டாள். "காரம் மொளகுலதானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது அம்மாவுக்குப் பொருந்தாது. அவளுக்கு அந்தக் குஞ்சு கருப்பாகவே வேண்டும்.

தங்கைக்கு மூன்று வயதானபோது கம்பத்துக்குக் கூட்டிப்போய் ஒரு ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தோம். ஸ்டுடியோக்காரர் முகத்தில் கை நிறையப் பவுடரை அப்பினார். அது போதாதென்று நெகட்டிவிலும் பென்சில் வைத்துத் தேய்த்திருக்கிறார். அந்தக் காலத்துக் கருப்பு வெள்ளைப் படங்களில் ஊரே சிவப்பாக இருந்ததற்குக் காரணம் இந்தப் பென்சில்தான். ஒரு வாரம் கழித்து வாங்கப் போனால், படத்தில் பால்குடம் மாதிரி ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது.

அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது யாரூட்டுப் பிள்ளைங்க?" என்று கேட்டாள்.

"உங்க பாப்பாதாம்மா. டச் பண்ணி எடுப்பாக் குடுத்துருக்கேன். எல்லாரும் செகப்பா வேணும்னுதானம்மா கேக்குறாக" என்றார் அவர்.

"நாங்க கேக்கலீங்களே" என்று சொல்லிவிட்டு, படத்தை மேசைமேலேயே வைத்துவிட்டு அம்மா இறங்கி நடந்தாள். அப்பா பின்னாலேயே ஓடினார். அந்தப் படம் எங்கள் கைக்கு வரவே இல்லை. வீம்பு பெரிதாகத் தெரிந்த நாள் அது. பொய்யான நிறத்தோடு ஒரு மூக்கும் முழியும் அதில் இருந்ததே, அதையாவது வாங்கி வைத்திருக்கலாமே என்று பிற்பாடு நானே எத்தனை தடவை நினைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் அம்மாவுக்குக் கலர் போட்டோ என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. கலரில் யாரும் பென்சில் வைக்க முடியாது, உள்ளது உள்ளபடி வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தங்கைக்கு ஐந்து முடிந்த வருஷம், சித்தூரில் மாமா மகளின் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாலக்காட்டு டவுனிலிருந்து ஒரு போட்டோக்காரரை வரவழைத்திருந்தார்கள். அவர் கேமராவில் கலர் ரோல் இருக்கிறது என்ற செய்தி, தாலி கட்டுவதற்கு முன்பே பந்தல் முழுக்கப் பரவிவிட்டது. அது பொண்ணு மாப்பிள்ளைக்கென்று எண்ணி வைத்த ரோல். அம்மா அந்த மனுஷனைச் சாப்பிடவிடவில்லை.

"ஒண்ணே ஒண்ணுங்க. மாப்பிள்ளைக்கு ஒண்ணு கொறஞ்சா தேஞ்சா போயிருவாரு?"

கடைசியில் அவர் சிரித்துவிட்டார். வெயிலில் நிறுத்தச் சொன்னார். களத்துமேட்டில், பனைமரங்களுக்கு முன்னால் தங்கையை நிறுத்தினோம். உடம்பில் ஏலக்காய்ப் பச்சையில் பாவாடை, மஞ்சள் சட்டை. யாரோ ஒரு சித்தி பவுடர் டப்பாவோடு வந்தாள், அம்மா அவளைக் கிட்டவே விடவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை ஒரு துடை துடைத்ததோடு சரி. பிள்ளை ஓடிவிடாமல் இருக்க நான் பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொண்டேன். படத்தில் என் கை மட்டும் விழுந்தது.

பிலிமை மெட்ராஸுக்கு அனுப்பிக் கழுவி, படம் எங்களுக்கு வந்து சேர்வதற்குள் கல்யாணப் பெண் மாசமாகிவிட்டாள். உறைக்குள் படமும் நெகட்டிவும் சேர்ந்தே இருந்தன. அம்மா வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, நெற்றியில் வியர்வை மினுங்க, தங்கை நின்றாள். அப்படியே நின்றாள். "இதா, இவதான் என்ற புள்ள" என்று அம்மா சத்தமாகச் சிரித்தாள். அப்பா எட்டிப் பார்த்து, "வெயிலையும் சேத்துப் புடிச்சுட்டானே" என்றார்.

அடுத்த ஆடியில் தங்கை போய்விட்டாள். மஞ்சள்காமாலை. மலைப்பாதை மண்சரிந்து கிடந்தது. ஜீப் சுற்றிக்கொண்டு போய்க் கம்பத்து ஆஸ்பத்திரியைச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் போன பெண்பிள்ளையை வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். தைப் பொங்கலன்று அவளுக்கு ஒரு புதுப் பாவாடை, கண்ணாடி வளையல், பொங்கச்சோறு. படைத்து முடித்ததும் அந்தப் பாவாடையை அவள் வயதுப் பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். கன்னிக்கு வயது ஏறாது, ஆகையால் வருஷாவருஷம் அதே அளவுதான். அம்மா துணி எடுப்பதில் கண்டிப்பாக இருந்தாள். மஞ்சள், இளம்பச்சை, வாழைக்குருத்து நிறம், இவைதான். "கருப்புப் பிள்ளைக்கு நீலமும் ஊதாவும் எடுத்தா மொகம் செத்துப்போகும்" என்பாள். செத்துப்போன பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவிருக்காது.

போட்டோவைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தோம். மறுவருஷ மழையில் அப்பா அம்மாவின் கல்யாணப் படத்துக்குள் பூசணம் புகுந்தது. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, பிரித்தபோது அப்பாவின் பாதி முகம் கண்ணாடியோடு வந்தது. அம்மா அதற்குக் கவலைப்படவில்லை. "நீங்கதான் நேர்லயே இருக்கறீங்களே" என்றாள். ஆனால் தங்கையின் படத்தைப் பார்த்ததும் நடுங்கிப்போனாள். ஓரத்தில், பனைமரத்தின் அடியில், கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி.

அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் கிடைக்கும். நியாயம் சரியாக இருந்து முடிவு கோணலாய்ப் போவது எங்கள் குடும்பத்தில் புதிதும் இல்லை. அவர் கண்டுபிடித்த இடம் ஏலக்காய் ஸ்டோர். ஸ்டோர் என்றால் கடை இல்லை, பறித்த பச்சைக்காயை உலர்த்துகிற வீடு. வெளியே அடுப்பில் விறகு எரியும், அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே ஓடும். குழாய்களுக்கு மேலே அடுக்கடுக்காகத் தட்டுகளில் காய். ஏலக்காயை வெயிலில் போட்டால் வெளுத்துப்போகும். இருட்டில், மூடிய அறையில், நிதானமான சூட்டில் வைத்தால்தான் பச்சை நிற்கும். எங்கள் பிழைப்பே அந்தப் பச்சையை நிறுத்துவதில்தான் இருந்தது.

"காயோட பச்சையவே காப்பாத்தற எடம். போட்டோவைக் காப்பாத்தாதா?" என்றார் அப்பா.

ஸ்டோரில் அடுப்பு பார்க்கிறவர் போடிப் பக்கத்துக்காரர், கன்னங்கரேலென்று இருப்பார். அவரும் தலையாட்டினார். "நல்ல ரோசனைங்கய்யா. உள்ள ஒரு பொட்டு ஈரம் அண்டாதுல்ல. பாப்பா பத்திரமா இருக்கும்" என்றார்.

அம்மாவும் ஒப்புக்கொண்டாள், நானும்தான். எங்களுக்குத் தெரிந்த எதிரிகள் இரண்டே பேர், ஈரமும் வெயிலும். இரண்டும் நுழையாத ஓர் அறை கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது யார்தான் வேண்டாமென்பார்கள்? சட்டத்தைக் கழற்றிப் படத்தையும் நெகட்டிவையும் ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் போட்டு, ஸ்டோருக்குள் மேல் பலகையில் வைத்தோம். மூலத்தையும் நகலையும் ஒரே டப்பாவில் போட்டதற்கு இன்றுவரை நான் தலையில் அடித்துக்கொள்கிறேன். மழை பிடித்ததும் டப்பா ஸ்டோருக்குப் போகும், காயெடுப்புக் காலம் முழுக்க அங்கே வேகும், பொங்கலுக்கு வீட்டுக்கு வரும்.

முதல் பொங்கலுக்குப் படம் பளிச்சென்று இருந்தது. பூசணம் பரவவில்லை, அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். அடுத்த பொங்கலுக்கும் எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவது பொங்கலன்று டப்பாவைத் திறந்த அம்மா, "பொகை படிஞ்சிருக்குதுங்க" என்றாள். பாவாடையின் பச்சை பழுத்த இலை மாதிரி இருந்தது. ஈரத்துணியால் லேசாக ஒற்றினாள். துணி சுத்தமாகவே இருந்தது. பனைமரத்துக்குப் பின்னால் இருந்த வானம் இளஞ்சிவப்பாக இருந்தது, தங்கையின் தலைமுடி செம்பட்டையாக இருந்தது. நான் அவள் தோளைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். அது ஒரு வெள்ளைக்காரியின் கை. புகை இல்லை என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது. சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

அப்பா டப்பாவைத் தூக்கிக்கொண்டு பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினார். போட்டோக்காரர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். "எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டாராம். அப்பா சொன்னதும் நெகட்டிவைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்தாராம். கலர் என்பது சாயம், சூடு பட்டால் முதலில் போவது அந்தப் பச்சை நீலம்தான், மிஞ்சுவது சிவப்பு, நெகட்டிவும் அதே கதிதான், மறுபடி போட்டாலும் இதைவிட நன்றாக வராது என்று சொன்னாராம். வெயில் படாத சுவரில், பூசணத்தோடு விட்டிருந்தால்கூட முகம் தப்பித்திருக்கும் என்றும் சொன்னாராம். இதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது. அப்பா மேல் எனக்குக் கோபம் வந்தது, நியாயமில்லாத கோபம். அவரோ ஸ்டோருக்குள் போகும்போதெல்லாம் அந்த மேல் பலகையைப் பார்க்காமல் குனிந்தே போனார். பிறகு ஒருநாள் அந்தப் பலகையைப் பிடுங்கி விறகோடு அடுப்பில் வைத்துவிட்டார்.

இப்போது கைபேசியில் எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், டீ குடித்து முடிப்பதற்குள் அச்சடித்துத் தருகிறார்கள். பேரன் பிறந்த அன்று அப்படித்தான் ஒன்று போட்டோம். "நூறு வருஷத்துக்கு அசையாதும்மா" என்றான் கடைப்பையன். "எங்க வச்சா?" என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வி புரியவில்லை. காகிதமும் மையும் எவ்வளவு நாள் நிற்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள், அதைப் பொத்திப் பொத்தி வைக்கப்போகிற ஆளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேதாரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. பிரியமில்லாத படங்கள் எங்காவது ஒரு மூலையில் கேட்பாரற்றுக் கிடந்து நன்றாகவே பிழைத்துக்கொள்கின்றன.

மறுபடி மலைக்கு வருகிறேன். படம் சிவந்த பிறகு அம்மா அதைச் சுவரிலேயே மாட்டினாள், இனிமேல் கெட என்ன இருக்கிறது என்று. வருகிறவர்கள் பார்ப்பார்கள். "பாப்பா நல்ல நெறம்" என்பார்கள். அம்மா செய்கிற வேலையை விட்டுவிட்டு வந்து திருத்துவாள். "இல்லீங்க, அவ கருப்புங்க. போட்டோதான் செவந்துபோச்சு." சிலர் நம்பமாட்டார்கள். பெற்றவளே பிள்ளையைக் கருப்பென்று வாதாடுவதை அவர்கள் பார்த்ததில்லை. துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று ஆறுதலாகத் தட்டிக்கொடுப்பார்கள். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நாம் பெத்ததா, இவிய பெத்ததா?" என்று அவர்கள் போனபிறகு பாத்திரங்களிடம் கத்துவாள்.

பிறகு பிறகு அந்தத் திருத்தம் குறைந்தது. ஒருநாள் கருப்பு என்பாள், ஒருநாள் சும்மா சிரிப்பாள். சலித்துவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கும் அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, என் நினைப்பு வேறெங்கோ இருந்தது.

எண்பதுகள் பிறந்த புதிதில் ஒரு மார்கழி. பொங்கலுக்குத் துணி எடுக்க அம்மாவும் நானும் கம்பத்துக்கு இறங்கினோம். அந்த வருஷம் அம்மா போட்டோவையும் சட்டத்தோடு பையில் வைத்துக்கொண்டு வந்தாள். எதற்கென்று கேட்டேன், "சும்மாதான்" என்றாள். வழக்கமான துணிக்கடை. கடைக்காரர் பாவாடைத் துணிகளை எடுத்துப்போட, அம்மா பையிலிருந்து படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு துணியையும் அந்த முகத்துக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள். மஞ்சளை வைத்தாள், எடுத்துவிட்டாள். இளம்பச்சையை வைத்தாள், எடுத்துவிட்டாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பாப்பா நல்ல செகப்பா இருக்காளேத்தா. இந்த நீலத்த வச்சுப் பாருங்க, அம்சமா இருக்கும்" என்று கரும்பச்சை ஓரம் வைத்த நீலத் துணியொன்றை விரித்தார்.

அம்மா திருத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் நீலத்தைப் படத்தின் மேல் பாதி மூடும்படி வைத்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஆமாங்க, எடுப்பாத்தான் இருக்குது" என்றாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "அம்மா, அவ கருப்பும்மா!" என்றேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீலம் ஆகாதுன்னு நீதான சொல்லுவ? அவ கருப்பு!"

அம்மா கோபப்படவில்லை. வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டு, தன் கையைத் துணிக்குமேல் நீட்டி வைத்தாள்.

"எந்தக் கருப்பு, கண்ணு? இதா, என்ற கை. இதையக் காட்டியும் எவ்வளவு கருப்பு? நம்ம ஸ்டோர்க்காரரு மாதிரியா? இல்லே, அந்த அளவுக்கில்லையா? நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். பதில் நாக்கு நுனியில் இருப்பதாகத்தான் நினைத்தேன். கண்ணை மூடினேன். களத்துமேடு வந்தது, பனைமரம் வந்தது, கண்ணை இடுக்கிக்கொண்டு அவள் நின்றாள். அவள் முகம் சிவப்பாக இருந்தது. வேறொரு நாளைத் தேடினேன். மழையில் ஆடிய நாள், என் முதுகில் தொற்றிக்கொண்டு வந்த நாள், காய்ச்சலில் என் மடியில் கிடந்த நாள். எல்லா நாளிலும் அதே சிவந்த முகம்தான் வந்து நின்றது. அவள் கருப்பு என்பது எனக்குத் தெரியும், பாடத்தில் படித்த ஒன்று தெரிவது மாதிரி. அந்தக் கருப்பை மட்டும் பார்க்க முடியவில்லை.

"எனக்குந் தெரியலை கண்ணு" என்றாள் அம்மா. கையை இன்னும் எடுக்கவில்லை. "ரெண்டு மூணு வருசமாவே தெரியறதில்லை. உனக்கு நெனப்பிருக்கும், ஒருநாளைக்கு உங்கிட்டக் கேட்டுக்கலாம்னுதான் இருந்தேன்."

கடைக்காரர் நீலத்தை அளக்க ஆரம்பித்தார்.